டெண்டர் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன்...

(வானொலி பண்ணைப் பேச்சு)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து என்றுதான் பேசுவேன். இன்றைக்குப் பேசப்போவது வயல் விஷயம் அல்ல, காகித விஷயம். ஆனால் விளைந்த பொருள் காசாவதும் ஆகாமல் போவதும் சில சமயம் இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் அரசாங்க டெண்டர் என்றால் அது கான்ட்ராக்டர் சமாச்சாரம் என்று ஒதுங்கி விடுவோம். இப்போது அப்படி இல்லை. உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் மகளிர் குழுக்களும் விடுதிகளுக்குச் சிறுதானியம், பண்ணைகளுக்கு மண்புழு உரம், வனத்துறைக்கு மரக்கன்று என்று விலைப்புள்ளி கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கண்மாய் மீன்பாசி குத்தகையும் சாலையோரப் புளியமர ஏலமும் ஏற்கெனவே நமக்குப் பழக்கமானவை. எல்லாவற்றிலும் ஒரு படிவம் வரும். முப்பது, நாற்பது பக்கம் இருக்கும். "எல்லாம் ஒரே மாதிரிதாங்க, கையெழுத்துப் போடுங்க" என்று யாராவது சொல்வார்கள். போட்டு விடுவோம். பிறகு டெபாசிட் போச்சு, பில் நிற்கிறது என்று அலைவோம்.

அந்தப் படிவத்தில் வருகிற முக்கியமான சட்டச் சொற்களை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். உங்கள் குழு ஒரு துறைக்கு 20 டன் சாமை அரிசி தர முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோ 100 ரூபாய். மொத்தம் 20 லட்ச ரூபாய்.

ஒப்பந்தப்புள்ளி

டெண்டருக்கு அரசாங்கத் தமிழில் ஒப்பந்தப்புள்ளி என்று பெயர். பத்திரிகையில் அறிவிப்பு வந்ததும், "சர்க்கார் வாங்குறேன்னு சொல்லிட்டாங்க" என்று நினைக்கக் கூடாது. அறிவிப்பு என்பது வெறும் அழைப்பு. "யார் யார் என்ன விலைக்குத் தருவீர்கள், சொல்லுங்கள்" என்கிற அழைப்பு. நீங்கள் விலை எழுதிக் கொடுப்பதுதான் சட்டப்படி முன்மொழிவு. அதை அவர்கள் ஏற்றுக்கொண்டு உங்களுக்குத் தெரிவிக்கும்போதுதான் ஒப்பந்தம் பிறக்கிறது. இது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்வது. ஆகவே, அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் கடன் வாங்கிச் சாமையைக் கொள்முதல் செய்து அடுக்கி வைக்காதீர்கள்.

நம் மாநிலத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம். அதன் விதிகள் 2000-த்தில் வந்தன. அரசுத் துறைகள் மட்டுமல்ல, உள்ளாட்சிகள், வாரியங்கள், கூட்டுறவு நிறுவனங்களும் இதில் அடக்கம். சில அவசரக் கொள்முதலுக்கும் சிறுதொகைக் கொள்முதலுக்கும் விலக்கு உண்டு. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் போனால் 30 நாள். அவகாசத்தைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நாளைக் கழித்துக் கடைசி நாளில் ஓடாதீர்கள். இப்போது பெரும்பாலும் இணையம் வழியாகத்தான் போட வேண்டியிருக்கிறது. மின்னணுக் கையொப்பம் வாங்கவே சில நாள் ஆகும்.

செல்லுபடிக் காலம்

படிவத்தில் "இந்த விலை 90 நாள் செல்லுபடியாகும்" என்று ஒரு வரி இருக்கும். இந்த 90 நாளும் உங்கள் சொல் உங்களைக் கட்டும். இடையில் சந்தையில் சாமை விலை ஏறிவிட்டது, எனக்கு வேண்டாம் என்று வாபஸ் வாங்கினால், கட்டிய முன்வைப்புத் தொகை போய்விடும். விலை எழுதும்போது இன்றைய சந்தை விலையை மட்டும் பார்த்து எழுதக் கூடாது என்பது இதனால்தான். இன்னும் மூன்று மாதம் கழித்து ஆர்டர் வந்தாலும் இந்த விலைக்குத் தர முடியுமா என்று குழுவில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். சாக்கு, ஏற்றுகூலி, லாரி வாடகை, வரி எல்லாம் விலையில் அடக்கமா, தனியா என்பதையும் பாருங்கள். "சேருமிடம் வரை" என்று இருந்தால் கிடங்கு வாசல் வரை செலவு உங்களுடையது.

முன்வைப்புத் தொகை, காப்புத் தொகை

இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் பல ஆயிரம் ரூபாய் மிச்சம்.

முன்வைப்புத் தொகை, அதாவது இ.எம்.டி., டெண்டர் போடும்போதே கட்டுவது. "நான் விளையாட்டுக்கு விலை கேட்கவில்லை" என்பதற்கு அடையாளம். கிடைக்காதவருக்குத் திரும்பி விடும். நம் மாநில விதிப்படி இது கொள்முதல் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நமது 20 லட்சத்துக்கு 20,000 ரூபாய். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் இது 2 முதல் 5 சதவீதம். குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்தவர்களுக்கு அங்கே விலக்கு உண்டு. சாமையை அரைத்து, கல் நீக்கி, பாக்கெட் போடுகிற உங்கள் குழு தயாரிப்புத் தொழிலாகப் பதிவு செய்து கொள்ளலாம். 2020 ஜூலை 1 முதல் அதற்கு உத்யம் பதிவு என்று பெயர். இந்தப் பதிவால் இன்னொரு பெரிய பயனும் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

காப்புத் தொகை என்பது டெண்டர் உங்களுக்குக் கிடைத்த பிறகு கட்டுவது. "சொன்னபடி செய்து முடிப்பேன்" என்பதற்கான பிணை. நமது உதாரணத்தில் 5 சதவீதம் என்று கேட்டிருந்தால் 1 லட்ச ரூபாய். சப்ளை முடியும் வரை இது அவர்களிடம் இருக்கும். ஆகவே, முதலீட்டுக் கணக்குப் போடும்போதே இந்த 1 லட்சத்தையும் சேர்த்துப் போட வேண்டும். பாதி வழியில் கைமுதல் வற்றிப் போய் சப்ளை நின்று விடுவது பல குழுக்களில் நடப்பதுதான்.

தகுதி உறை, விலை உறை

"இரண்டு உறை முறை" என்று படிவத்தில் இருந்தால் முதல் உறையில் தகுதிக் காகிதங்கள்: பதிவுச் சான்று, வரவு செலவு அறிக்கை, முன் அனுபவம், தரச் சான்று. இரண்டாவதில் விலை மட்டும். முதல் உறையில் தேறினால்தான் இரண்டாவதைத் திறப்பார்கள். விலையைத் தவறிப் போய் முதல் உறையில் எழுதினால் டெண்டர் தள்ளுபடியாகலாம்.

தகுதி நிபந்தனை போட்டவருக்கும் கட்டுப்பாடு உண்டு. பம்பாய் விமான நிலையத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்த விட்ட டெண்டர் சம்பந்தமான ஒரு வழக்கில், 1979-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அரசு அமைப்பு தானே வகுத்த தகுதி நிபந்தனையைத் தானே மீறி, தகுதி இல்லாதவருக்குக் கொடுக்கக் கூடாது என்றது. ஆனால் வழக்குப் போட்டவர் தாமதமாக வந்தார் என்பதால் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. இரண்டு பாடமும் நமக்கு வேண்டியவைதான். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் காலத்தில் கேட்க வேண்டும்.

விலை உறைகளைத் திறந்த பிறகு, தகுதி உள்ளவர்களில் மிகக் குறைந்த விலை சொன்னவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் குறையுங்கள் என்று பேசுவதானால் அவரிடம் மட்டும்தான் பேசலாம். இரண்டாவது, மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு ரகசியமாகப் பேரம் பேச நம் சட்டத்தில் இடமில்லை. முடிவு சரியில்லை என்று நினைத்தால் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசாங்கத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

வாய்மொழி ஆர்டர்

இது நம்மவர்கள் அதிகம் சிக்குகிற இடம். "உத்தரவு பின்னால் வரும், நீங்கள் லோடு அனுப்புங்கள்" என்று போனில் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் நாளை மாற்றலாகிப் போனால்?

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 299-ஆவது பிரிவுப்படி, மத்திய அரசு ஒப்பந்தம் ஜனாதிபதி பெயராலும், மாநில அரசு ஒப்பந்தம் ஆளுநர் பெயராலும், அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். பஞ்சாயத்துக்கும் கழகத்துக்கும் அவற்றின் சொந்த விதிகள் உண்டு. இந்த முறை தவறினால் அது ஒப்பந்தமே ஆகாது.

அப்படியானால் செய்த வேலைக்கும் காசு கிடையாதா? வங்காளத்தில் 1944-ஆம் ஆண்டு சிவில் சப்ளைஸ் துறைக்காக ஆரம்பாக் என்ற ஊரில் கிட்டங்கிகளும் பாதையும் கட்டிடங்களும் கட்டிக் கொடுத்த ஒரு காண்டிராக்டர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முறைப்படி ஒப்பந்தம் இல்லை என்றது அரசாங்கம். ஒப்பந்தம் இல்லைதான், ஆனால் இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் செய்த வேலையின் பலனை அரசாங்கம் அனுபவித்திருக்கிறது, ஆகவே ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவுப்படி ஈடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நியாயம் கிடைத்தது. ஆனால் கணக்குப் பாருங்கள்: வேலை 1944-இல், இறுதித் தீர்ப்பு 1960-களின் தொடக்கத்தில். நம்ம குழுவால் அத்தனை வருஷம் தாங்க முடியுமா? ஆகவே, எழுத்தில் உத்தரவு கைக்கு வராமல் ஒரு மூட்டையும் வண்டி ஏற்றாதீர்கள்.

தாமத இழப்பீடும் மாற்றுக் கொள்முதலும்

படிவத்தில் "முன்நிர்ணயித்த இழப்பீடு" என்றோ "தாமதத் தண்டம்" என்றோ ஒன்று இருக்கும். உதாரணமாக, தராத சரக்கின் மதிப்பில் வாரத்துக்கு அரை சதவீதம் என்று இருக்கிறது என்று கொள்வோம். 5 டன் 4 வாரம் தாமதமானால், 5 லட்சத்துக்கு வாரம் 2,500 வீதம் 10,000 ரூபாய் பில்லில் பிடிப்பார்கள். "தராத சரக்கின் மதிப்பில்" என்று இருக்கிறதா, "மொத்த ஒப்பந்த மதிப்பில்" என்று இருக்கிறதா பாருங்கள். மொத்த மதிப்பில் என்றால் அதே தாமதத்துக்கு 40,000 ஆகிவிடும். ஒரு சொல்லில் 30,000 ரூபாய் வித்தியாசம். உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது "உங்கள் பொறுப்பிலும் செலவிலும் வெளியில் வாங்குதல்". நீங்கள் 12 டன் கொடுத்துவிட்டு மீதி 8 டன்னைத் தரவில்லை. அவர்கள் வேறொருவரிடம் கிலோ 112 ரூபாய்க்கு வாங்கினால், கூடுதலான 12 ரூபாய் உங்கள் தலையில். 8 டன்னுக்கு 96,000 ரூபாய். ஆகவே, விளைச்சல் நிச்சயமில்லாத அளவுக்கு ஆசைப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். 12 டன்தான் முடியும் என்றால், பகுதி அளவுக்கு விலை கொடுக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள்.

உருளைக்கிழங்கு வழக்கு

சப்ளை செய்ய முடியாமல் போனால் காப்புத் தொகை முழுவதும் போய்விடுமா? இதற்கு நல்ல வழிகாட்டி மௌலா பக்ஸ் என்பவரின் வழக்கு. அவர் 1947-இல் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு தருவதாக ஓர் ஒப்பந்தமும், கோழி, முட்டை, மீன் தருவதாக இன்னோர் ஒப்பந்தமும் செய்தார். முதலாவதற்கு 10,000 ரூபாயும் இரண்டாவதற்கு 8,500 ரூபாயும் காப்புத் தொகை கட்டினார். சொன்னபடி தர முடியவில்லை. அரசாங்கம் ஒப்பந்தங்களை ரத்து செய்து 18,500 ரூபாயையும் எடுத்துக்கொண்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1969-இல் தீர்ப்பானது. இது முன்பணம் அல்ல, காப்புத் தொகை. ஆகவே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு பொருந்தும். அவர் தராததால் வெளியில் என்ன விலைக்குக் கிழங்கும் முட்டையும் வாங்கினீர்கள் என்று காட்டியிருந்தால் நஷ்டம் தெரிந்திருக்கும். அதை நீங்கள் காட்டவில்லை. ஆகவே, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றது நீதிமன்றம்.

இதைக் கேட்டுவிட்டு, "தராவிட்டாலும் பணம் வந்துடும்" என்று முடிவு கட்ட வேண்டாம். நஷ்டத்தைக் காட்டினால் அந்த அளவுக்குப் பிடிக்கலாம். நஷ்டத்தை எளிதில் அளக்க முடியாத காரியங்களில், முன்கூட்டிப் பேசிய நியாயமான தொகையைப் பிடிக்கலாம் என்று 2003-இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் காப்புத் தொகையை எடுத்துக்கொண்டதாகக் கடிதம் வந்தால் பேசாமல் இருந்து விடாதீர்கள். "எவ்வளவு நஷ்டம், எந்தக் கணக்கில்?" என்று எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை. பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, வெளியில் வாங்கிய விலையைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

விலை ஏறினால்? வெள்ளம் வந்தால்?

"தடுக்க முடியாத நிகழ்ச்சி" என்று ஒரு பிரிவு வரும். பேச்சு வழக்கில் தெய்வச் செயல் என்போம். வெள்ளம், புயல், நில நடுக்கம், கலவரம் இவையெல்லாம் பட்டியலில் இருக்கும். நம்மைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது, வறட்சியும் பயிர் நோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். அப்படி ஒன்று நடந்தால் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்றும் இருக்கும். வெள்ளம் வடிந்து, வீட்டைச் சரி செய்து, பிறகு எழுதலாம் என்று இருந்தால் அந்த நாள் கடந்து விடும். வி.ஏ.ஓ. சான்றும் போட்டோவும் பின்னால் சேர்க்கலாம். முதல் கடிதம் உடனே போக வேண்டும்.

விலை ஏற்றம் மட்டும் இதில் சேராது. ராணுவத்துக்கு நெய் வாங்கித் தரும் ஏஜென்சி ஒன்று 1937-இல் ஒப்பந்தம் செய்திருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்து செலவெல்லாம் மாறிப் போனது. அதனால் பேசிய விகிதத்துக்கு மேல் வேண்டும் என்று கேட்டார்கள். 1960-இல் உச்ச நீதிமன்றம் மறுத்து விட்டது. எதிர்பாராத விலை ஏற்றத்தால் காரியம் கஷ்டமாகலாம், அதனாலேயே பேசிய பேச்சு மாறாது என்றது. பெரிய போரே போதாது என்றால், நம்ம ஊர்ச் சந்தை ஏற்றம் எம்மாத்திரம்? ஆகவே, நீண்ட கால சப்ளை என்றால் "விலை மாற்றப் பிரிவு" இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலையை யோசித்து எழுதுங்கள்.

ஏற்பும் பில்லும்

சரக்கைக் கிடங்கில் இறக்கி விட்டால் சப்ளை முடிந்தது என்று அர்த்தமில்லை. தரம் பார்த்து "ஏற்றுக்கொண்டோம்" என்று எழுதித் தர வேண்டும். ஈரப்பதம், கல், உமி எவ்வளவு சதவீதம் என்று ஒப்பந்தத்தில் உள்ளதை இங்கேயே சோதித்துக்கொண்டு அனுப்புங்கள். ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து, இரு தரப்பும் முத்திரை வைத்து, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய தேதி போட்ட ரசீது இல்லாமல் லாரி திரும்பக் கூடாது.

முன்னால் சொன்னேனே, உத்யம் பதிவின் பெரிய பயன், அது இங்கேதான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு, சரக்கை ஏற்ற நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் 45-ஐத் தாண்டக் கூடாது. இறக்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறக்கிய நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. இதற்கென மாநிலத்தில் வசதி மன்றம் இருக்கிறது. ஆனால் பதிவைச் சப்ளைக்குப் பிறகு வாங்கிக் கொண்டு போனால் சிக்கல். டெண்டர் போடுமுன்பே வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

தகராறு வந்தால்

கடைசிப் பக்கங்களில் "நடுவர் தீர்ப்பு" பிரிவு இருக்கும். அப்படி இருந்தால் நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுவரிடம் போக வேண்டும். அந்தப் பிரிவு இல்லாமல் அரசாங்கத்தின் மேல் சிவில் வழக்குப் போடுவதானால் 2 மாத முன்னறிவிப்பு தேவை. பணம் கேட்கும் வழக்குக்கு 3 வருஷக் கெடு. "அடுத்த மாசம் பில் ஆயிடும்" என்ற பேச்சிலேயே மூன்று வருஷம் ஓடி விடும், ஜாக்கிரதை.

கருப்புப் பட்டியல் என்றால் எல்லோருக்கும் பயம். இனி அந்தத் துறையில் டெண்டரே போட முடியாது என்பதால் பயப்பட வேண்டியதுதான். ஆனால் முன்னறிவிப்புக் கொடுத்து, உங்கள் பதிலைக் கேட்காமல் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நோட்டீஸ் வந்தால் பதுங்காதீர்கள். கெடுவுக்குள் பதில் கொடுங்கள்.

ஆகவே, விவசாயப் பெருமக்களே, படிவம் வாங்கியதும் குழுவில் படிக்கத் தெரிந்த இருவரை உட்கார வையுங்கள். செல்லுபடி எத்தனை நாள், இரண்டு டெபாசிட்டும் எவ்வளவு, தாமதத் தண்டம் எதன் மேல், வறட்சி பட்டியலில் உண்டா, பணம் எத்தனை நாளில், தகராறு எங்கே, இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு அர்த்தம் தெரியவில்லை என்றால் தெரிந்தவரிடம் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் போய்க் கேட்கலாம். போட்ட காகிதம், வந்த கடிதம், இறக்கிய ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள்.

விதைக்குமுன் முளைப்புத் திறன் பார்க்கிறோம் அல்லவா? அதே கவனத்தை இந்தக் காகிதத்துக்கும் கொடுத்தால், சர்க்கார் வியாபாரம் நமக்கும் லாபமான வியாபாரம்தான்.